மூணுபனைப்பட்டித் தொட்டி ஆள் தேடிப் போன வாரம்

மூணுபனைப்பட்டியின் மேல்நிலைத் தொட்டி, அறுபதாயிரம் லிட்டர் தண்ணீரோடும், உச்சியில் ஒரு காக்கைக் கூட்டோடும், தன் ஆறு கால்களையும் கரிசல் மண்ணிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு நடக்கத் தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. அதே நாலு மணிக்குத்தான், அங்கிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி, மாவட்டத் தலைநகரத்துப் பூங்கா தெருவில், குடிநீர்த் துறையின் மேற்பார்வைப் பொறியாளர் தங்கபுஷ்பம், சாப்பாட்டு மேஜையில் மத்தியானம் சிந்திய ரசத்தைத் துடைத்துவிட்டு, ஒரு விண்ணப்பப் படிவத்தின் பதினேழாவது கட்டத்தில் நீல மையால் ஒரு வாக்கியம் எழுதி முற்றுப்புள்ளி வைத்தாள்.

அந்தப் படிவம் லேசுப்பட்டதில்லை. மாநிலம் முழுமைக்கும் நீர்வழங்கல் முதன்மை இயக்குநர் என்று அரசாங்கம் புதிதாக ஒரு பதவியை உண்டாக்கி, அதை மூப்புப் பார்த்துக் கொடுக்காமல் விண்ணப்பம் வாங்கித்தான் கொடுப்பது என்று முடிவு செய்து, தகுதியுள்ள அறுபத்தொரு அதிகாரிகளுக்கு ஆளுக்கு ஒன்றாக எண் போட்டு அனுப்பிய பதினாலு பக்கப் படிவம் அது. கைப்பட எழுத வேண்டும், நீல மையில்தான் எழுத வேண்டும், கூடுதல் தாள் சேர்க்கக் கூடாது, அடித்தல் திருத்தல் இருந்தால் வாங்கப்பட மாட்டாது, கெட்டுப்போனால் வேறு படிவம் தரப்பட மாட்டாது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் சென்னையில் நேரில் ஒப்படைக்க வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே ஒரு மாமியார் பட்டியல் இருந்தது. பதினாறு கட்டங்கள் வரை தங்கபுஷ்பம் தடுக்கி விழாமல் வந்துவிட்டாள். பிறந்த தேதி, படித்த படிப்பு, முப்பத்தொரு வருஷத்தில் வேலை பார்த்த ஊர்கள் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. பதினேழாவது கட்டம் மட்டும் சாதனை கேட்டது. சாதனையில் தங்கள் பங்கு என்ன, அதற்கு ஆதாரம் என்ன என்றும் கேட்டது.

அவளுக்கு அந்தப் பதவி வேண்டும். ஆசையில்லாதவள் மாதிரி நடந்துகொண்டே முப்பத்தொரு வருஷம் போய்விட்டது. தனக்குப் பின்னால் வந்த ஆண்கள் தனக்கு முன்னால் போய் உட்கார்ந்ததைப் பார்த்து, வாழ்த்துச் சொல்லி, பூங்கொத்தும் வாங்கிக் கொடுத்து அலுத்துவிட்டாள். அந்த நாற்காலியில் ஒரு மூன்று வருஷம் உட்கார்ந்தால் போதும், கரிசல் காட்டில் உப்புத் தண்ணீர் குடிக்கிற ஊர் ஒன்றுகூட மிச்சமிராமல் செய்துவிடலாம் என்று அவள் நிஜமாகவே நம்பினாள். அதனால் யோசித்து யோசித்து இப்படி எழுதினாள்: 'கடும் வறட்சிக் காலத்தில் மூணுபனைப்பட்டியில் என் நேரடி மேற்பார்வையில் கட்டப்பட்டு, இருபத்தொரு நாட்கள் முறையாகத் தண்ணீர் விட்டுப் பதப்படுத்தப்பட்ட மேல்நிலைத் தொட்டி, பதினெட்டு ஆண்டுகளாக ஒரு சொட்டும் ஒழுகாமல் ஊருக்கு நீர் வழங்கி வருகிறது.' ஆதாரம் என்ற இடத்தில், தாள் சேர்க்கக் கூடாதென்று சொன்ன பிறகு வேறென்ன எழுதுவது என்று, 'தொட்டியே ஆதாரம்' என்று எழுதினாள்.

தொட்டி அதைக் கேட்டுக்கொண்டது.

மூணுபனைப்பட்டியில் சாயங்காலத் தண்ணீர் திறந்துவிட வந்த தொட்டி ஆபரேட்டர் அய்யனார்சாமி, தன் தலைக்கு மேலே ஒரு கால் எழும்புவதைப் பார்த்து நாலு எட்டுப் பின்னால் நகர்ந்து வழிவிட்டார். பிறகு கையில் இருந்த வால்வுச் சாவியைப் பார்த்தார். தொட்டி போகிற இடத்துக்குச் சாவியும் போகவேண்டியதுதானே என்று தன் மொபெட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். தொட்டி சாலையின் இடது ஓரமாகவே நடந்தது. மின்கம்பி குறுக்கே வந்த இடங்களில், சேறு தாண்டுகிற பொம்பளை சேலையைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி தன்னைச் சற்றுத் தூக்கிக்கொண்டு காலை எடுத்து வைத்தது. சுங்கச்சாவடியில் இதை எந்த வகையில் சேர்ப்பது என்று அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. சக்கரம் இல்லை, ஆனால் கால் ஆறு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு, ஆம்புலன்ஸ் போகிற ஓரப் பாதையில் விட்டார்கள். இவ்வளவு நடையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை என்று அய்யனார்சாமி பிற்பாடு யார் கேட்டாலும் சத்தியம் பண்ணிச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பள்ளிக்கூட வேன்கள் எல்லாம் ஒதுங்கி நிற்க, தொட்டி ஊருக்குள் வந்தது. தங்கபுஷ்பத்தின் புருஷன் சுயம்புலிங்கம், தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், எந்தப் பார்சல் வந்தாலும் கையெழுத்துப் போட்டு வாங்குகிற பழக்கம் விடாதவர், வாசலில் நின்று உள்ளே பார்த்துச் சத்தம் கொடுத்தார்.

"புஷ்பம், ஆதாரம் வந்திருக்கு. வந்து வாங்கி வையி."

தங்கபுஷ்பம் ஈரக் கையோடு ஓடிவந்து பார்த்தாள். தான் போட்ட கணக்கும் தான் வரைந்த வரைபடமும் காலும் கையுமாக நடந்து வருவதைப் பார்க்க எந்தப் பொறியாளருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது? அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் தொட்டி பூங்கா தெரு முனையில் திரும்பவில்லை. தெருவை ஒரு பார்வை பார்த்தது போல நின்று, பிறகு நேரே போய், அடுத்த தெருவான தீப்பெட்டியாபீஸ் தெருவில் நுழைந்து, நீலக் கதவு போட்ட ஒரு ஓட்டு வீட்டுக்கு எதிரே இருந்த காலியிடத்தில், ஆறு கால்களையும் ஊன்றி நின்றுகொண்டது.

"ஆதாரம் உனக்குன்னா நம்ம தெருவுக்குல்ல வந்திருக்கணும்?" என்றார் சுயம்புலிங்கம்.

"நம்ம தெரு பதினெட்டு அடிங்க. அது முப்பதடி. எப்படி நுழையும்?"

"கரண்டு கம்பியத் தாண்டத் தெரிஞ்ச தொட்டிக்கு ஒடுங்கி நிக்கத் தெரியாதாக்கும்?"

"உங்களுக்கு எதுல கேலின்னு கிடையாது" என்று சொல்லிவிட்டு அவள் அலுவலகத்துக்குக் கிளம்பினாள். அங்கே எல்லாரும் கைகுலுக்கினார்கள். இதைவிட என்ன ஆதாரம் வேண்டும், பதவி உங்களுக்குத்தான் என்றார்கள். யாரோ லட்டுகூட வாங்கிவந்துவிட்டார்கள்.

தீப்பெட்டியாபீஸ் தெரு தொட்டியை ஒரே நாளில் தன் சொந்தக்காரனாக்கிக்கொண்டது. முதலில் நிழலுக்குச் சண்டை வந்தது. வெயில் நகர நகர நிழலும் நகர்ந்ததால், காலையில் மேற்கு வரிசைக்கும் சாயங்காலம் கிழக்கு வரிசைக்கும் என்று டியூஷன் வாத்தியார் ஒரு அட்டையில் நேர அட்டவணை எழுதி இரண்டாவது காலில் ஒட்டினார். தையல்காரர் தன் மிஷினைத் தூக்கிவந்து நடுவில் போட்டுக்கொண்டார். இரும்பு ஏணியின் கீழ்ப்படிகளில் சேலைகள் காய்ந்தன. கவுன்சிலர் அம்மா வந்து, இது குடியிருப்பா வணிகமா என்று தெரியாமல், கதவு இலக்கம் மட்டும் ஒன்று கொடுத்துவிட்டுப் போனார். தெற்குப் பார்த்த காலில் யாரோ மஞ்சள் கயிறு கட்டி வேப்பிலை செருகியிருந்தார்கள். அதற்கு எதிர்க்காலில் யாரோ 'இங்கு வாகனம் நிறுத்தாதீர்' என்று எழுதியிருந்தார்கள். எட்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் பார்க்கிற அந்தத் தெருவில், அய்யனார்சாமி சாவியைப் போட்டுத் திருப்பியதும் தொட்டியின் அடிக்குழாயிலிருந்து கை தடிமனுக்குத் தண்ணீர் விழுந்தபோது, வாய்க்கு ருசியான நல்ல தண்ணீர் விழுந்தபோது, பெண்கள் குடம் வைப்பதை மறந்து கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு நாற்பது பஸ்ஸில் மூணுபனைப்பட்டி வந்து இறங்கியது. ஊரே வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆளுக்கு இரண்டு குடம், பஸ் முழுக்கக் குடம். கண்டக்டர் குடத்துக்கு லக்கேஜ் போடுவதா வேண்டாமா என்று யோசித்து யோசித்தே ஊர் வந்துவிட்டது.

"எங்க தொட்டிய எப்ப அனுப்பப் போறீக?" என்று அவர்கள் கேட்டார்கள்.

"நாங்களா கூட்டியாந்தோம்? அதுவா வந்துச்சு, அதுவா நிக்குது" என்றார்கள் தெருக்காரர்கள்.

"அங்க பச்சப்பிள்ளைகளுக்கு வாய் நனைக்கத் தண்ணியில்ல. ஊர்க்கிணறு உப்பாக் கிடக்கு."

சண்டை முற்றிக் குடுமிப்பிடியில் போய் நிற்கும் என்று தையல்காரர் மிஷினை ஓரமாக இழுத்தார். அப்போது நீலக் கதவைத் திறந்துகொண்டு ஒரு தட்டு நிறையப் பணியாரத்தோடு அந்த வீட்டுக்காரி வெளியே வந்தாள். அவளைப் பார்த்ததும் மூணுபனைப்பட்டிப் பெண்கள் "மதினி!" என்று கூவினார்கள், சண்டை அதோடு நின்றுபோயிற்று. காலையில் ஊருக்கு அரை மணி, தெருவுக்கு அரை மணி என்று அய்யனார்சாமி தீர்ப்புச் சொன்னார். சாவி அவர் கையில் இருந்ததால் எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் முப்பத்தெட்டு கிலோமீட்டர் பஸ்ஸில் இரண்டு குடம் தண்ணீர் சுமந்துகொண்டு ஒரு ஊர் எத்தனை நாள் பிழைக்கும்? போகும்போது ஒரு கிழவர், அலுவலகம் போகிற வழியில் அப்போதுதான் அங்கே வந்த தங்கபுஷ்பத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "அம்மா, கட்டிக் குடுத்தது நீங்கதான். சொன்னா கேக்கும். திரும்பி வரச் சொல்லுங்க" என்றார்.

அவளும் சொல்லிப் பார்க்காமல் இல்லை. தொட்டியின் அடியில் நின்று, யாரும் கவனிக்காதபோது, "போயிரு, உன்னைப் பார்த்தாச்சு, போதும்" என்று மெல்லச் சொன்னாள். தொட்டி அசையவில்லை.

புதன்கிழமை காலை அவள் பொறியாளர் செய்கிற வேலையைச் செய்தாள். வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு காலையும் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். நல்ல காங்கிரீட் கணீரென்று சத்தம் கொடுக்கும். ஆறு காலும் கோயில் மணிபோல் சத்தம் கொடுத்தன. அண்ணாந்து அடிவயிற்றைப் பார்த்தாள். பதினெட்டு வருஷத்துத் தொட்டியில் மயிரிழை விரிசல் இல்லை, பாசிக் கசிவு இல்லை. அவள் கட்டிய வேறு ஏழு தொட்டிகளில் ஆறு ஒழுகத் தொடங்கிவிட்டன என்பது அவளுக்குத்தான் தெரியும்.

"என்ன தாயி, நோயாளிக்கு நாடி பிடிக்கிற மாதிரி பிடிக்கீக?"

நீலக் கதவு வீட்டுக்காரி ஆறாவது காலில் சாய்ந்து உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அறுபத்தைந்து வயதிருக்கும், முழங்கைக்குக் கீழே கயிறு கயிறாக நரம்பு. சுயம்புலிங்கம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பணியாரம் வாங்கிவருவது இவளிடம்தான் என்பது தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். பேர்கூடக் கேட்டதில்லை.

"விரிசல் இருக்கான்னு பார்த்தேன்மா. ஒண்ணுமில்ல."

"எப்படி இருக்கும்? நல்ல தண்ணிய மூச்சுமுட்டக் குடிச்ச கட்டடமில்லா" என்றாள் அவள், வெங்காயத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். "உப்புத் தண்ணி ஆகாது, உள்ள இருக்க கம்பி துருவேறிப் போகும், நல்ல தண்ணிதான் ஊத்தணும், இருபத்தொரு நாள் காயவிடாம ஊத்தணும், ஒரு நாள் விட்டாலும் விரிஞ்சுரும்னு நீங்கதான சொன்னீக. கொட்டாயில நின்னு ஊரைக் கூட்டிச் சொன்னீக. ஒல்லியா இருப்பீக அப்ப."

தங்கபுஷ்பத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்க மூணுபனைப்பட்டியா?"

"சீனியம்மா. அவரு போனபிறகு மக வீட்டோட வந்துட்டேன், ஒம்பது வருசமாச்சு. நீங்க ஜீப்புல போறப்ப பாக்கத்தான் செய்யுதேன். பெரிய ஆபீசரு, என்னன்னு போய்ப் பேச?"

"சீனியம்மா, அந்த இருபத்தொரு நாளும் காண்டிராக்டர் லாரியில தண்ணி வந்துச்சுல்ல?"

வெங்காயம் உரிக்கிற கை நின்றது. சீனியம்மாள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையில், இதுகூடவா தெரியாது என்கிற ஆச்சரியம்தான் இருந்தது.

"அஞ்சு நாள் வந்துச்சு. அஞ்சாவது நாள் சாயங்காலம் நீங்க மயக்கம் போட்டு விழுந்து, மஞ்சக்காமாலைன்னு மதுரைக்குக் கொண்டுபோனாகல்ல? மறுநாளே லாரியக் காணோம். கேக்க ஆளில்லைன்னா வருமா?"

"அப்போ மிச்சப் பதினாறு நாள்?"

"ஊர்ல நாப்பத்திரண்டு வீடு. ஓடை ஊத்துல காத்துக் கிடந்து வீட்டுக்கு மூணு குடம் பிடிப்போம். அதுல வீட்டுக்கு ஒரு குடம் தொட்டிக்குன்னு சொன்னேன். சும்மா இல்ல, வையத்தான் செஞ்சாளுக. குடிக்கவே இல்ல, சிமிண்டுக்கு ஊத்தவான்னு. ஆனா குடுத்துட்டாளுக. சாரத்துல ஏற மத்தவளுகளுக்குப் பயம். நான் சித்தாளு வேலை பார்த்தவ. காலையில இருபது நடை, சாயங்காலம் இருபத்திரண்டு நடை. மேல சாக்கு விரிச்சு அதுல ஊத்திருவேன்."

தங்கபுஷ்பம் சேலைகள் காய்கிற ஏணிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். இருபத்திரண்டாவது நாள் மதுரையிலிருந்து எலும்பும் தோலுமாக வந்து இறங்கி, நேரே தொட்டி மேல் ஏறி, சாக்கைத் தூக்கிப் பார்த்து, குளுகுளுவென்று ஈரம் இருந்ததைப் பார்த்து, கையைக் கட்டிக்கொண்டு நின்ற காண்டிராக்டர் 'எல்லாம் முறையா நடந்துச்சு மேடம்' என்று சொன்னதைக் கேட்டு, இருபத்தொரு நாளுக்கும் பதிவேட்டில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டது அவளுக்கு நேற்றுப்போல் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த பதினாறு நாளுக்கும் சேர்த்துத்தான் போட்டாள். ஆபீசில் அப்படிப் போடுவது வழக்கம், ஒருவர் விடாமல் எல்லாரும் போடுவார்கள். ஈரத்தைத் தொட்டுப் பார்த்தவள், ஈரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

"ஏன் சொல்லல?" என்றாள்.

"யாரும் கேக்கலயே தாயி. தொட்டி வந்துச்சு, தண்ணி வந்துச்சு, அதுக்கு மேல என்ன?" சீனியம்மாள் வெங்காயத் தோலை மடியிலிருந்து உதறினாள். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கியவள் மாதிரி, 'நீங்க'வை விட்டுவிட்டு நெருங்கிப் பேசினாள். "ஊருக்காக மட்டுமில்ல. எங்க ஊருக்கு ஒரு பொம்பளப்பிள்ளை இஞ்சினீரா வந்தது நீதான் மொத. அது படுக்கையில கிடக்கு, திரும்பி வந்து தொட்டி விரிஞ்சு கிடக்கப் பார்த்தா மனசொடிஞ்சு போகுமே, வேலையையும் பிடுங்கிருவானுகளேன்னு இருந்துச்சு. அதான்."

தங்கபுஷ்பம் அழுதாள். அதிகாரி, ஐம்பத்துநாலு வயது, நடுத்தெரு என்று எதுவும் பார்க்காமல் அழுதாள். முப்பத்தொரு வருஷத்தில் தனக்கு யாரும் கைகொடுக்கவில்லை, எல்லாம் தனியாளாக நின்று வாங்கியது என்று வீம்பாக நினைத்திருந்தாளே, அந்த வீம்புக்கு அடியில் நாற்பத்திரண்டு வீட்டுத் தாகம் இருந்திருக்கிறது. அந்தத் தொட்டிக்காகத்தான் அவளுக்கு முதல் பதவி உயர்வு வந்தது. அதற்குமேல் வந்ததெல்லாம் அதன் மேல் வைத்துக் கட்டியது. அவமானம் ஒரு பக்கம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக நன்றி இருந்தது.

வீட்டுக்கு வந்து படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். சுயம்புலிங்கம் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார்.

"இதை எழுதினா என்ன ஆகும்?"

"அடித்தல் திருத்தல்னு வாங்க மாட்டாங்க. வாங்கினாலும், இல்லாத நாளுக்குக் கையெழுத்துப் போட்டவன்னு மெமோ வரும். இருக்கற வேலைக்கே கேள்வி வரும்."

"எழுதாம குடுத்தா?"

"பதவி கிடைக்கலாம். தொட்டி அங்கேயே நிக்கும். மூணுபனைப்பட்டிக்கு லாரியில தண்ணி அனுப்பச் சொல்லி உத்தரவு போடலாம்."

"லாரி" என்றார் சுயம்புலிங்கம். எழுந்துபோய் அவளுடைய பேனாவுக்கு நீல மை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

அவள் பதினேழாவது கட்டத்தின் வாக்கியத்தைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தாள். ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில், பொடி எழுத்தில், இடம் போதாமல் தாளைத் திருப்பித் திருப்பி எழுதினாள். 'மேற்படி தொட்டிக்கு இருபத்தொரு நாள் தண்ணீர் விட்டதாக நான் சான்று அளித்தேன். அதில் பதினாறு நாள் நான் மருத்துவமனையில் இருந்தேன். தண்ணீர் லாரி வரவில்லை. அந்தப் பதினாறு நாளும் ஊரின் நாற்பத்திரண்டு வீட்டுப் பெண்கள் தாங்கள் குடிக்க வைத்திருந்த மூன்று குடத்தில் ஒன்றைக் கொடுத்தார்கள். நாளுக்கு நாற்பத்திரண்டு நடை சாரத்தில் ஏறி அதை ஊற்றியவர் சீனியம்மாள், சித்தாள். தொட்டி ஒழுகாதது அவர்களால். என் பங்கு: வரைபடம், கணக்கு, ஐந்து நாள் மேற்பார்வை, பார்க்காமல் போட்ட பதினாறு கையெழுத்து.' ஆதாரம் என்ற இடத்தில் இருந்த 'தொட்டியே ஆதாரம்' என்பதை மட்டும் அவள் அடிக்கவில்லை. அது உண்மைதானே.

அடுத்த தெருவிலிருந்து ஓவென்று சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தார்கள். தொட்டி முதல் காலை எடுத்துவிட்டது. தையல்காரர் மிஷினை இழுக்க, பெண்கள் காயப்போட்ட சேலைகளைப் பறிக்க, டியூஷன் வாத்தியார் தன் அட்டவணையைப் பிய்க்க, தெரு அமளிப்பட்டது. அய்யனார்சாமி எல்லாரையும் கையமர்த்திவிட்டுச் சாவியைப் போட்டுக் கடைசியாக ஒருமுறை திறந்தார். தெருவில் இருந்த அத்தனை குடமும் அண்டாவும் வாளியும் நிறைந்தன. பிறகு தொட்டி நீலக் கதவுக்கு நேராகத் திரும்பி நின்று, முன்கால்கள் இரண்டையும் சற்று மடித்து, அறுபதாயிரம் லிட்டர் தலையைத் தாழ்த்தியது. சீனியம்மாள் வெங்காய வாடை அடிக்கிற கையால் அதன் ஒரு காலைத் தட்டிக்கொடுத்தாள்.

"போ, போ. பிள்ளைக தண்ணிக்கு நிக்கும்" என்றாள்.

அது போன பிறகு அந்தத் தெருக்காரர்கள் ஒருவர்கூட வருத்தப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் மறுநாள் காலையில் யாரும் சொல்லாமலே சீனியம்மாள் வாசலில் ஒரு குடம் நல்ல தண்ணீர் இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது, இன்னொரு வீட்டிலிருந்து. தெருவில் முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று டியூஷன் வாத்தியாரின் புது அட்டவணையைப் பார்த்துத்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குச் சென்னையில் தங்கபுஷ்பம் படிவத்தைக் கொடுத்தாள். வாங்குகிற இடத்தில் கண்ணாடி போட்ட ஒரு உதவிப் பிரிவு அலுவலர் பக்கம் பக்கமாகப் புரட்டி, பதினேழாவது கட்டத்தில் நின்றார். நெடுநேரம் படித்தார்.

"மேடம், அடிச்சிருக்கீங்க."

"தெரியும் சார். வாங்க முடியாதுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டீங்கன்னா ஊருக்குப் போயிருவேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அறுபத்தொரு படிவம் குடுத்தோம். இதைத் தவிர ஒண்ணும் வரல. அறுபது பேரும் விண்ணப்பிக்க விருப்பமில்லைன்னு கடிதம் குடுத்துட்டாங்க. பேப்பர் பாக்கலையா நீங்க?"

ரயிலில் வந்தவள் பார்க்கவில்லை. அவரே சொன்னார். ஒரு ஆற்றுப்பாலம் எழுந்துபோய் ஒரு கொல்லுப்பட்டறை வாசலில் படுத்துக்கொண்டதாம். ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடம் ஓய்வு பெற்ற ஒரு நர்ஸம்மா வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்ததாம். ஒரு தடுப்பணை, ஆடு மேய்க்கிற ஒருவருடைய கிடைக்குப் பக்கத்தில் போய் நீட்டி நிமிர்ந்து கிடக்கிறதாம். எழுதியவர்கள் படிவத்தைக் கிழித்துப் போட்டதும் எல்லாம் அவசர அவசரமாகத் தத்தம் இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றனவாம்.

"எங்க ஊர்ப் பள்ளிக்கூடமும் போச்சு மேடம். அதைக் கட்டின கொத்தனார் வாசல்ல ஒரு நாள் முழுக்க நின்னுச்சு. அவரு செத்து நாலு வருஷமாகுது. அவரு சம்சாரம் நாற்காலி போட்டு எதிர்லயே உக்காந்திருந்தாங்களாம். சோறு தண்ணி இல்லாம, அவ்வளவு சந்தோஷம். எழுதினவரு கிழிச்சுட்டாரு, அது போயிடுச்சு. கொத்தனார் பேரை யாரும் எழுதல." அவர் முத்திரையை மையில் ஒற்றினார். "நீங்க எழுதியிருக்கீங்க" என்று சொல்லி ஓங்கிக் குத்தினார். பெறப்பட்டது என்று படிவத்தில் விழுந்தது.

மெமோவும் வந்தது, நியமன உத்தரவும் வந்தது, இரண்டும் ஒரே தபாலில் வந்தன. ஒரே ஒரு படிவம்தான் இருந்தது என்பதால் கொடுத்தார்களா, அதில் எழுதியிருந்ததால் கொடுத்தார்களா என்று யாருக்கும் தெரியாது. ஒரு வருஷ ஊதிய உயர்வை நிறுத்தி வைத்தார்கள். தங்கபுஷ்பம் அதை நியாயம் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாள், இந்த முறை படித்துப் பார்த்துவிட்டு.

பதவி ஏற்பதற்கு முந்தின நாள் அவள் சீனியம்மாளைக் கூட்டிக்கொண்டு ஏழு நாற்பது பஸ்ஸில் எதிர்ப்பக்கமாக மூணுபனைப்பட்டிக்குப் போனாள். தொட்டி அதே ஆறு குழியில், போகவே போகாத மாதிரி நின்றது. நாற்பத்திரண்டு வீடும் கூடிவிட்டது. தங்கபுஷ்பம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அடிக்குழாயில் ஒரு குடம் பிடித்து, இடுப்பில் வைத்து, இரும்பு ஏணியில் ஏறினாள். பத்தாவது படியில் மூச்சு வாங்கியது. இருபதாவது படியில் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. நாற்பதாவது படியில் கண்ணை இருட்டியது. ஏணி கூட இல்லாமல், ஆடுகிற சவுக்குச் சாரத்தில், நாக்கு வறண்டு கிடக்கையில், குடிக்காத தண்ணீரைச் சுமந்துகொண்டு, நாளுக்கு நாற்பத்திரண்டு தடவை, பதினாறு நாள் என்று அவள் உடம்புக்கு அப்போதுதான் புரிந்தது. உச்சியில் காக்கைக் கூட்டுக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்து, குடத்தைச் சரித்து ஊற்றினாள். வெயிலில் கொதித்துக் கிடந்த காங்கிரீட் அந்தத் தண்ணீரை உஸ்ஸென்று உறிஞ்சிக்கொண்டது. அவள் இரண்டு உள்ளங்கைகளையும் அந்த ஈரத்தில் வைத்துக் கும்பிடுகிற மாதிரி கொஞ்ச நேரம் இருந்தாள்.

கீழே ஊர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. சீனியம்மாள்தான் வாயைக் குவித்துக் கத்தினாள்.

"என்ன தாயி உக்காந்துட்ட? ஒரு குடத்துல என்ன நனையும்? இறங்கி வா, இன்னும் நாப்பத்தோரு குடம் கிடக்கு!"

தங்கபுஷ்பம் சிரித்துக்கொண்டே காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.